ஐந்து வயதுப் பேத்தி, கொல்லை நிறையப் பூ, பூக்கட்டத் தெரியாத தாத்தா: என்ன செய்யலாம்?

கொல்லைத்தாத்தா, மன்னார்குடி
ஏப்ரல் 9, பகல் 12.10

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பான இடத்தில் கேட்கிறேன் என்றால் யாராவது நகர்த்திவிடுங்கள்.

மகள் வயிற்றுப் பேத்தி, ஐந்து வயது, யுகேஜி முடித்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறாள். ஜூன் முதல் வாரம் வரை இங்கேதான். வழக்கமாக அவள் வந்தால் பாட்டி பார்த்துக்கொள்வாள், நான் சாயங்காலம் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய் ஐஸ் வாங்கிக்கொடுப்பதோடு என் பொறுப்பு முடிந்துவிடும். இந்த வருஷம் மருமகளுக்குப் பிரசவம் என்று பாட்டி ஓசூரில் இருக்கிறாள். சமைக்க ஒரு அம்மா வந்துபோகிறார். மற்றபடி பகல் முழுக்க நானும் பாப்பாவும்தான்.

டிவியும் போனும் சேர்த்து ஒரு நாளைக்கு அரை மணி என்று மகள் கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மீதி நேரத்துக்குப் பாப்பாவே ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டாள். கொல்லையில் இருக்கிற பூவையெல்லாம் பறித்துக்கொண்டுவந்து என் மடியில் கொட்டி, "இதுல ஏதாவது செய்யலாம் தாத்தா" என்கிறாள். மின்வாரியத்தில் 34 வருஷம் கம்பி முறுக்கியவன் நான், பூவை வைத்து என்ன செய்யத் தெரியும்?

இப்போது பூத்திருப்பவை: குண்டு மல்லி நாலு செடி (தினமும் ஒரு சொம்பு மொட்டு கிடைக்கிறது), செம்பருத்தி மூன்று, நந்தியாவட்டை, சிவப்பு இட்லிப்பூ, வேலியில் நீலச் சங்குப்பூ, கிணற்றோரம் அரளி, வாசலில் காகிதப்பூ. வேப்பமரம் வேறு பூத்துக் கொட்டுகிறது. தெருமுனையில் சரக்கொன்றை சரம் சரமாகத் தொங்குகிறது, அதையும் பறித்துத் தா என்கிறாள்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். பூக்கட்டத்தானே தெரியாது, கம்பி கட்டத் தெரியுமே என்று பழைய காலிங்பெல் ஒயரை உரித்து, உள்ளே இருக்கிற மெல்லிய செம்புக் கம்பியில் மல்லிகை மொட்டைக் கட்டினேன். ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு மொட்டு கழுத்தறுந்து விழுந்தது. அரை மணி நேரத்தில் ஒரு சாண் தேறியது, அதுவும் பார்க்க முள்வேலி மாதிரி. பாப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்குப் போட்டுடலாம் தாத்தா, அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றாள்.

சரி, கேள்விகள். தடித்த விரல்காரன் பூக்கட்டக் கற்றுக்கொள்ள முடியுமா? ஐந்து வயதுக் குழந்தை தன் கையாலேயே செய்யக்கூடியது என்ன இருக்கிறது? இன்னொன்று, காலையில் எதைச் செய்தாலும் சாயங்காலத்துக்குள் வாடிவிடுகிறது, அதைப் பார்த்து அழுகிறாள். அதற்கு என்ன வழி?

---

நாரும்பூவும், மதுரை
ஏப்ரல் 9, மாலை 4.35

அண்ணா, முதலில் அந்த ஒயரைத் தூரப் போடுங்கள் 😄 பிள்ளையார் பாவம்.

மொட்டை எத்தனை மணிக்குப் பறித்தீர்கள்? பத்து பதினோரு மணிக்கு என்றால் பாதித் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள், ஆறு ஆறரைக்குப் பறித்துவிட வேண்டும். பச்சை நிறம் போய் முழுக்க வெளுத்து, தடித்து, ஆனால் வாய் திறக்காமல் இருக்கிற மொட்டாகப் பாருங்கள். பச்சை ஓடியது நாளைக்கு. பறித்ததை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் சாவகாசமாகக் கட்டலாம், சாயங்காலம் அதுவாக விரியும். எங்கள் ஊர் மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்குச் சொல்லும் காரணங்களில் காம்பு நீளமும் இதழின் தடிப்பும் உண்டு. காம்பு நீளமாக இருந்தால் முடிச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும். உங்கள் செடியில் காம்பு குட்டையாக இருந்தால் பறிக்கும்போதே நகத்தால் காம்போடு கிள்ளுங்கள்.

நார்: வாழை மரத்தில் காய்ந்து தொங்குகிற பட்டையை உரித்து, நீளவாக்கில் மெல்லிதாகக் கிழித்து, பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டால் போதும். பூக்கடையிலும் ஒரு கட்டு கேட்டால் கொடுப்பார்கள். முதல் முறை பழகுகிறவர்களுக்கு நாலு இழை வெள்ளை நூலே சுலபம், ஆனால் நூல் சமயத்தில் மொட்டை அறுக்கும், ஈர நார் அறுக்காது.

இப்போது கட்டுவது. நாரை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். அதன்மேல் இரண்டு மொட்டு தலை இந்தப் பக்கம், இரண்டு மொட்டு தலை அந்தப் பக்கம், காம்புகள் மட்டும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்க வேண்டும். நீள நாரைக் காம்புகளைச் சுற்றி ஒரு சுற்று. அப்புறம் வலது கை விரலில் நாரை ஒரு திருப்புத் திருப்பினால் வளையம் விழும், அந்த வளையத்தைக் காம்புக்கு மேலாக மாட்டி இழுத்தால் முடிச்சு விழுந்துவிடும். கம்பத்தில் கயிற்றைத் திருப்பி மாட்டி ஒரு முடிச்சுப் போடுவீர்களே, கிட்டத்தட்ட அதேதான் அண்ணா. 34 வருஷம் போட்ட முடிச்சு விரலில் இருக்கும், ஒயர் இழுக்கிற வேகத்தில் இழுக்காமல் இருந்தால் போதும். கடைசி இழுப்பில் கை காம்பை உணர வேண்டும், நெரிக்கக் கூடாது. முதல் முழம் இடைவெளி விட்டுத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது, அம்மா அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு மறுபடி கட்டச் சொன்னார்.

ஐந்து வயதில் முடிச்சு வராது, அவளைக் கட்டச் சொல்லாதீர்கள். ஒரு தட்டில் மொட்டுகளை நாலு நாலாகக் கூறு வைக்கச் சொல்லுங்கள், இரண்டு இந்தப் பக்கம் தலை, இரண்டு அந்தப் பக்கம் தலை என்று. நீங்கள் ஒரு முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் அவள் மூன்று கூறு வைத்துவிட்டு "சீக்கிரம் தாத்தா" என்பாள்.

அவள் கையாலேயே செய்ய இட்லிப்பூ இருக்கிறதே! ஒரு பூவைக் கொத்திலிருந்து உருவி, நடுவில் இருக்கிற மெல்லிய நரம்பை மெதுவாக இழுத்தால் அடியில் ஒரு சொட்டுத் தேன் வரும் (நாங்கள் உறிஞ்சாமல் விட்டதில்லை, வீட்டுச் செடி, மருந்து அடிக்காதது என்றால் சரி). அப்புறம் அந்தப் பூவின் குழலை அடுத்த பூவின் வாயில் சொருகு, அதன் குழலை அதற்கடுத்ததில் சொருகு. நூலும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். பதினைந்து பூவில் ஒரு வளையல், முப்பதில் பொம்மைக்கு மாலை. கொத்தில் எறும்பு இருக்கும், முதலில் ஒரு தட்டுத் தட்டி உதறிவிட்டுக் கொடுங்கள்.

---

வேலியோரம், திருச்சி
ஏப்ரல் 9, இரவு 8.02

எல்லாரும் மாலையைப் பற்றியே பேசுகிறீர்கள். கிணற்றோரம் அரளி என்று எழுதியிருக்கிறாரே, அது யார் கண்ணிலும் படவில்லையா?

அரளியில் இலை, பூ, பட்டை, வேர், பால் எல்லாமே விஷம். இதயத் துடிப்பைக் கெடுக்கும். மஞ்சள் அரளி என்றால் கொட்டை இன்னும் மோசம். கோயிலுக்குக் கட்டுகிறோம், தப்பில்லை, பெரியவர்கள் கட்டிவிட்டுக் கையைக் கழுவுகிறோம். ஐந்து வயது, விரலை வாயில் வைக்கிற வயது, அதுவும் இப்போது பூவில் தேன் உறிஞ்ச வேறு சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. இட்லிப்பூ எது, அரளி எது என்று அதற்குத் தெரியுமா? "நான் காட்டுகிற செடியில் மட்டும்தான்" என்று முதலிலேயே பழக்குங்கள். இந்த இரண்டு மாதமும் கிணற்றோரம் தனியாக விடாதீர்கள், அது அரளிக்காக மட்டும் சொல்லவில்லை. எருக்கம்பூவும் அப்படித்தான், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

தப்பித்தவறி எதையாவது மென்றுவிட்டால் வீட்டு வைத்தியம் எல்லாம் செய்துகொண்டிருக்காமல் 108.

---

நாரும்பூவும், மதுரை
ஏப்ரல் 9, இரவு 8.40

வேலியோரம் சொல்வது நியாயம், தேன் விஷயத்தில் நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். அண்ணா, அதைப் பாப்பாவுக்கு உடனே காட்டாதீர்கள், செடிகளை அடையாளம் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

---

லிட்மஸ்வாத்தியார், கோவில்பட்டி
ஏப்ரல் 10, காலை 6.15

ஐயா, வேலியில் நீலச் சங்குப்பூ இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், உங்கள் லீவில் பாதியை அதுவே ஓட்டிவிடும்.

பத்துப் பன்னிரண்டு பூ எடுத்துப் பச்சைக் காம்பை நீக்கிவிட்டு அரை டம்ளர் வெந்நீரில் போடுங்கள். வெந்நீர் உங்கள் கையால், பாப்பா தள்ளி நின்று பார்க்கட்டும். பத்து நிமிஷத்தில் பூ வெளுத்துத் தண்ணீர் இங்க் மாதிரி நீலமாகிவிடும். ஆறியதும் மூன்று சின்னக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்று அப்படியே. இரண்டாவதில் எலுமிச்சம்பழச் சாறு சொட்டுச் சொட்டாக: முதலில் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. மூன்றாவதில் ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை: நீலம் பச்சைப் பக்கம் திரும்பும். பூவில் இருக்கிற அந்தோசயனின் என்கிற நிறமி புளிப்பில் ஒரு நிறம், சோடா மாதிரிக் காரத்தன்மை உள்ளதில் ஒரு நிறம் காட்டுகிறது, அவ்வளவுதான் விஷயம். அவளுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டாம், சொட்டு விடுகிற வேலையை மட்டும் அவளிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் விட்டால் அது பாடம் ஆகிவிடும்.

சிவப்புச் செம்பருத்தியிலும் இதே கதைதான், எலுமிச்சையில் பளிச்சென்று சிவக்கும், சோடாவில் பச்சை. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஆக ஆறு நிறம் வீட்டிலேயே.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வழவழப்பில்லாத வரைதாளில் சங்குப்பூ நீலத்தைப் பூசிக் காயவையுங்கள், இந்த வெயிலுக்குக் கால் மணி நேரம் போதும். காய்ந்ததும் ஈர்க்குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்து அதன்மேல் கோடு போடச் சொல்லுங்கள். போட்ட இடமெல்லாம் சிவந்துகொண்டே வரும். மஞ்சள் பூசிய தாள் என்றால் சோப்புத் தண்ணீர், கோடு ரத்தச் சிவப்பாக வரும். ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலக்கிற அதே வேலைதான், ஆனால் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் விபரீதம், சோப்பே போதும்.

பழைய சட்டை போட்டு உட்காரவையுங்கள். என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு பச்சைக் கை இருக்கிறது, அந்தக் கைக்குச் சொந்தக்காரன் இப்போது காலேஜ் போகிறான்.

இந்த நிறங்கள் நிற்காது, வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும். அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் மூன்றாவது கேள்வி ஞாபகம் இருக்கிறது.

---

மகரந்தம், கோவை
ஏப்ரல் 10, காலை 9.50

பூவைப் பறிக்காமல் குழந்தைக்குக் காட்ட முடியாதா? தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லக் காணோம். கீழே உதிர்ந்ததை எடுத்து எவ்வளவோ செய்யலாம். சரக்கொன்றைக்குக் கீழே காலையில் போனால் தரையே மஞ்சளாக இருக்கும், வேப்பமரத்தடியில் ஒரு வேட்டியை விரித்துவைத்தால் விடிவதற்குள் பூ நிறைந்துவிடும்.

---

நாரும்பூவும், மதுரை
ஏப்ரல் 10, காலை 10.20

மகரந்தம், உதிர்ந்த பூ யோசனை நல்ல யோசனை, அதை வைத்துத் தரையில் பூக்கோலம் போடலாம். ஆனால் குண்டு மல்லியைக் குச்சி வைத்துத்தான் வளர்க்கிறோம், விதைக்காக யாரும் விடுவதில்லை, பறிக்காவிட்டாலும் மறுநாள் பழுத்து உதிரத்தான் போகிறது. சங்குப்பூவைப் பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும், காய் பிடித்துவிட்டால் பூ குறையும். நாலைந்து காயை மட்டும் விதைக்கு விட்டால் போதும். செம்பருத்தியை வேண்டுமானால் ஆளுக்குப் பாதி என்று பூச்சிகளுக்கு விட்டுவிடலாம்.

---

கமலி அம்மம்மா, ஸ்காபரோ (கனடா)
ஏப்ரல் 11, காலை 7.30

இங்கே இன்னும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிகிறோம், நீங்கள் வெயில் என்கிறீர்கள். எங்களுக்கு முன்கோடை என்றால் ஜூன் மாதம்தான். மே மாதத்தில் விக்டோரியா தின விடுமுறை கழிந்த பிறகுதான் நாற்றுகளை வெளியில் வைப்போம், அதற்கு முன் வைத்தால் உறைபனி ஒரே இரவில் கொண்டுபோய்விடும். லைலக் பூத்து ஓய, பியோனி பூக்கும், தொட்டியில் பான்சி இருக்கும். புல்லுக்குள் டன்டிலயன் மஞ்சளாய் முளைத்துக் கிடக்கும், அதைக் களை என்று எல்லோரும் பிடுங்க, நானும் பேரனும் அதன் தண்டை நகத்தால் கீறி ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துத் தலைக்குக் கிரீடம் செய்து போடுவோம். உங்கள் இட்லிப்பூச் சங்கிலியைப் படிக்க அதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் செம்பருத்தி என்பதை எங்கள் ஊரில் செவ்வரத்தை என்போம், யாழ்ப்பாணத்து வீட்டு வேலி முழுக்க அதுதான்.

வாடுகிறது என்று பிள்ளை அழுகிறாள் என்றீர்கள். என் பேரனும் நாலு வயதில் அப்படித்தான், பியோனி இதழ் கொட்டினதற்கு அழுது சாப்பிடாமல் இருந்தவன். பிறகு பூவைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைக்கப் பழக்கினேன். செய்து பாருங்கோ, கஷ்டம் ஒன்றும் இல்லை. ஈரம் உலர்ந்த பிறகு, ஒன்பது மணி போலப் பறியுங்கோ. மல்லிகைக்குச் சொன்ன நேரம் இதற்குச் சரிவராது, பனி ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சாதாரண செய்தித்தாளை மடித்து அதற்குள் ஒன்றோடொன்று முட்டாமல் பூவைக் கவிழ்த்து வைத்து, பாரமான புத்தகத்துக்குள் வைத்து, மேலே அம்மிக் குழவியோ ஏதோ பாரம். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தாளை மட்டும் மாற்ற வேணும், முதல் ஈரத்தை அதுதான் குடிக்கும். எனக்கு இங்கே இரண்டு கிழமை (இரண்டு வாரம்) எடுக்கும், உங்கள் வெயிலுக்கு ஐந்தாறு நாளில் சரியாகிவிடும்.

எல்லாப் பூவும் இதற்கு வராது. மெல்லிசாய் இருக்கிறது வரும்: சங்குப்பூ, காகிதப்பூ, கொன்றை இதழ், வேப்பம்பூக் கொத்து. மல்லிகை சதைப்பிடிப்பு, தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்பாய்ப் போகும், அதை வைத்துப் பிள்ளையை ஏமாற்ற வேண்டாம். செவ்வரத்தையை முழுதாய் வைக்காமல் இதழ் இதழாய்க் கழற்றி வையுங்கோ. காகிதப்பூவை வைக்கும்போது ஒன்று காட்டுங்கோ: நாங்கள் பூ என்கிற அந்த நிறம் எல்லாம் இலைதான், உண்மையான பூ நடுவில் வெள்ளையாய்க் குச்சி மாதிரி நிற்கிறது. என் பேரன் இதைக் கண்டுபிடித்ததிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அவன்தான் வாத்தியார். (இங்கே காகிதப்பூ தொட்டியில் வாங்கலாம், குளிருக்குள் விட்டால் செத்துப்போகும்.)

காய்ந்ததைத் தொடும்போது ஈர விரல் கூடாது, நெற்றியில் வியர்வை கூடாது, மின்விசிறி கூடாது. மின்விசிறி விஷயத்தில் நான் கனக்க அனுபவப்பட்டவள்.

---

கொல்லைத்தாத்தா, மன்னார்குடி
ஏப்ரல் 17, இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமாகக் கை ஓயவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

முதலில் பூக்கட்டு. நாலாவது நாள் வந்துவிட்டது! கம்பத்து முடிச்சு என்று மதுரைத் தங்கச்சி சொன்ன பிறகுதான் விரலுக்குப் புரிந்தது. அதுவரை நான் முறுக்கிக்கொண்டிருந்தேன், முறுக்குவது வேறு மாட்டுவது வேறு. சித்திரை முதல் நாள் சாமிக்கு நான் கட்டிய ஒன்றரை முழம்தான், நடுவில் இரண்டு இடத்தில் நார் தெரிந்தது. வீடியோ காலில் வீட்டுக்காரியிடம் காட்டினேன், ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "பரவால்ல, பூ மாதிரிதான் இருக்கு" என்றாள். பாப்பா கூறு வைப்பதில் கறார். ஒரு கூறில் மூன்று மொட்டு இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு "இதைக் கட்டாதீங்க" என்கிறாள்.

இட்லிப்பூ வளையல் அவள் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் போட்டாகிவிட்டது, இப்போது என் மூக்குக்கண்ணாடிக் காதிலும் தொங்குகிறது. தேன் சமாச்சாரம் அவளிடம் சொல்லவே இல்லை. அரளி இருக்கிற பக்கம் பழைய கொசுவலையைக் கட்டி அடைத்துவிட்டேன், கிணற்றுக்கு மூடி ஏற்கெனவே உண்டு.

வேப்பமரத்தடியில் வேட்டி விரித்தோம், பச்சடிக்குப் போக மீதியைக் காயவைத்து டப்பாவில் போட்டிருக்கிறது. பச்சடியை வாயில் வைத்துவிட்டு அவள் முகம் போன போக்கைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சங்குப்பூ விஷயத்தில் வாத்தியார் சொன்னது சரி, ஆனால் அவர் ஒன்றைச் சொல்லவில்லை. இவள் அதோடு நிற்கவில்லை. எலுமிச்சையும் சோடாவும் முடிந்ததும் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் அந்த நீலத்தில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். மோர் விட்டாள், புளித்தண்ணீர் விட்டாள், ரசம் விட்டாள், என் பல் தேய்க்கிற பேஸ்ட்டைக் கரைத்து விட்டாள். ரசம் விட்டதும் இளஞ்சிவப்பாக மாறியதைப் பார்த்துவிட்டு "ரசத்துல எலுமிச்சம்பழம் ஒளிஞ்சிருக்கு தாத்தா" என்றாள். இல்லை, புளிதான் என்றேன். புளியைத் தனியாகக் கரைத்து விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். நான் சொன்னதை நம்பவில்லை, அதில் எனக்கு சந்தோஷம்தான்.

காயவைத்த பூ நேற்றுத் திறந்தோம். சங்குப்பூ நீலம் அப்படியே இருக்கிறது, கொன்றை மஞ்சள் கொஞ்சம் மங்கல், காகிதப்பூ பிரமாதம். பழைய கல்யாணப் பத்திரிகைகள் அலமாரியில் ஒரு கட்டு கிடந்தது, அதன் பின்பக்கத்து அட்டையைக் கத்தரித்து ஃபெவிகால் தொட்டு ஒட்டுகிறோம். அவள் பாட்டிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பிறக்கப்போகிற தம்பிக்கு ஒன்று (தம்பிதான் என்று முடிவு செய்துவிட்டாள்). ஸ்காபரோ அம்மா, மின்விசிறியை நிறுத்தத்தான் செய்தேன். கரண்ட்டே போய்விட்டு, ஒட்டிக்கொண்டிருந்த நடுவில் திரும்பி வந்தது, வந்த வேகத்தில் கொன்றை முழுக்கப் பறந்துவிட்டது. 34 வருஷம் அதே துறையில் இருந்துவிட்டு நான் யாரைத் திட்டுவது?

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஒட்டின பூவைக் காட்டி, "இது தட்டையா இருக்கு, பூ இப்படி இருக்காது" என்கிறாள். உருண்டையாக, பூவாகவே இருந்து வாடாமல் இருக்க வேண்டுமாம்.

---

பூச்சந்தை, நாகர்கோவில்
ஏப்ரல் 18, காலை 5.40

மாமா, அவள் கேட்கிற பூவுக்குப் பெயரே அதுதானே. வாடாமல்லி!

தோவாளைச் சந்தைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊர் மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு வந்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள், அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துப் பாய் மாதிரிக் கட்டுவார்கள். அது பெரியவர்கள் கை வேலை, அரளி வேறு, உங்களுக்கு வேண்டாம். வாடாமல்லி பறித்து ஒரு வருஷம் ஆனாலும் உருண்டை உருண்டையாகவே இருக்கும், நிறமும் அவ்வளவு போகாது. நாலைந்து பூவைக் காம்போடு நறுக்கி, கட்டாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், பத்துப் பதினைந்து நாளில் காய்ந்துவிடும். அப்புறம் பாப்பா ஊசி இல்லாமல் ஒட்டலாம், அட்டைப் பெட்டியில் பதிக்கலாம், தென்னை ஈர்க்கில் ஒவ்வொன்றாகச் சொருகிக் குவளையில் வைக்கலாம்.

இன்னும் நல்லது, அவளையே விதைக்கச் சொல்லுங்கள். விதை தனியாக வாங்க வேண்டாம். பூக்கடையில் முற்றிய பூவாகப் பார்த்துப் பத்து ரூபாய்க்கு வாங்கி இரண்டு நாள் காயவைத்து உள்ளங்கையில் கசக்குங்கள். ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் பஞ்சு சுற்றிய மாதிரிச் சின்ன விதை இருக்கும். பஞ்சோடவே தூவி மேலே லேசாக மண் போதும், ஆழமாகப் புதைக்காதீர்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும், பூக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இந்த வெயில் அதற்கு ஒன்றும் செய்யாது, அக்னி நட்சத்திரத்தில் மட்டும் நாற்று சின்னதாக இருந்தால் மத்தியானத்தில் ஓலை நிழல் கொடுங்கள். அவள் ஜூனில் ஊருக்குப் போகும்போது மொட்டு பார்க்கலாம், பூத்ததும் நீங்கள் காயவைத்து அனுப்புங்கள். கூரியரில் போகிற ஒரே பூ அதுதான்.

---

கொல்லைத்தாத்தா, மன்னார்குடி
ஏப்ரல் 29, காலை 8.05

மாப்பிள்ளை, சொன்னபடி செய்தோம். பூ வாங்கிவந்து கசக்கி, மூன்று தொட்டியில் தூவி, பாப்பா கையாலேயே தண்ணீர் தெளித்தாள். ஒரு தொட்டி அவளுக்கு, ஒன்று பாட்டிக்கு, ஒன்று தம்பிக்கு.

பாட்டி தொட்டியிலும் தம்பி தொட்டியிலும் முந்தாநாள் முளைத்துவிட்டது. அவள் தொட்டியில் மட்டும் ஒன்றும் இல்லை. ஏன் என்று இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனால், மேடம் ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விதையையும் தோண்டி எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மண்ணுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். விதைத்த மறுநாளிலிருந்து தினமும் இதுதான் நடந்திருக்கிறது.

இன்றைக்குக் கடைத்தெருவில் வாடாமல்லி வரவில்லை, கிடைத்ததும் அவள் தொட்டியில் மறுபடி தூவ வேண்டும். அந்தத் தொட்டியை மட்டும் உயரத்தில் வைக்கலாமா, மாடிச் சுவர்மேல் வைத்தால் வெயில் அதிகமாகிவிடுமா?